வெளியே பொறி அடித்தால் பிளக் நல்லது என்று அர்த்தமா?

பெட்ரோல் வண்டி மிஸ்ஸிங் ஆகிறது என்று சொன்னால் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்பார் ஒருவர். ஏர் ஃபில்டரை மாற்றச் சொல்வார் இன்னொருவர். சென்சார், பம்ப், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாகக் காசு போகும். எல்லாம் மாற்றிய பிறகும் மேட்டில் வண்டி அதே மாதிரி திக்கும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஒரு குறையும் இல்லாமல் வந்த கார், கல்லாறு தாண்டிக் குன்னூர் மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் வெட்டி வெட்டி இழுத்தது. திரும்பி வந்து ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து, செல்ஃப் அடித்துக் காட்டினார்கள். நீலமாகப் பளிச்சென்று பொறி அடித்தது. "பிளக், காயில் எல்லாம் நல்லாயிருக்கு சார்" என்று சொல்லி பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். அடுத்த முறை மலை ஏறும்போது அதே இடத்தில் அதே வெட்டு. கடைசியில் காரணம், பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் அந்தக் காயிலும் அதன் கீழே இருந்த பிளக்கும்தான்.

என்னை யாரும் ஏமாற்றவில்லை. அவர்கள் காட்டிய பொறி உண்மையான பொறிதான். ஆனால் அது இன்ஜினுக்கு வெளியே அடித்த பொறி. உள்ளே நிலைமை வேறு. அந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மிஸ்ஸிங் பற்றிய குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளுக்கு மட்டுமே இந்தக் கட்டுரை பொருந்தும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டிலேயே அங்கே டீசல் பற்றிக்கொள்ளும்.

## மிஸ்ஸிங் என்றால் என்ன

கேஸ் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். குமிழைத் திருப்பியதும் கேஸ் வருகிறது. லைட்டரை அமுக்கினால் டக்கென்று பொறி வந்து அடுப்பு பற்றுகிறது. மழைக்காலத்தில் லைட்டரில் ஈரம் ஏறிவிட்டால் சத்தம் மட்டும் வரும், அடுப்பு பற்றாது. அதற்குள் கேஸ் பரவி வாடை அடிக்கும். நாலாவது அமுக்கில் பற்றும்போது 'பக்'கென்று பெரிதாக எரியும்.

பெட்ரோல் இன்ஜினின் சிலிண்டருக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை அழுத்துகிறது. அழுத்தி முடியும் தறுவாயில் பிளக் ஒரு பொறியைத் தருகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அப்புறம் புகை வெளியேறுகிறது. இந்தச் சுற்றில் எரிய வேண்டிய நேரத்தில் கலவை எரியாமல் போனாலோ அரைகுறையாக எரிந்தாலோ அதற்குப் பெயர் மிஸ்ஃபயர். நம் பேச்சில் மிஸ்ஸிங்.

எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகும். அங்கே சூட்டில் பற்றிக்கொண்டால் 'டப்'பென்று வெடிக்கும். அடுப்பில் கேட்ட அதே 'பக்'.

இது நடக்கும் வேகத்தையும் பாருங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்ற கணக்கில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 பொறி. நான்கு சிலிண்டர் காரில் நொடிக்கு 100. இத்தனையும் தவறாமல் அடித்தால்தான் வண்டி வழுக்கிக்கொண்டு போவது போல ஓடும்.

நான்கு பேர் தோளில் சப்பரம் தூக்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கால் இடறினாலும் மற்ற மூவர் தாங்கிக்கொள்வார்கள். ஊர்வலம் நிற்காது, ஆனால் மேலே குடை ஆடிவிடும். நான்கு சிலிண்டர் காரில் ஒன்று விட்டுவிட்டு எரிந்தால் இப்படித்தான்; வண்டி ஓடும், ஆனால் ஸ்டீயரிங்கும் கியர் கம்பியும் உதறும். இப்போது வரும் பல சின்னக் கார்களில் மூன்றே சிலிண்டர். அதில் ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். ஒற்றை சிலிண்டர் பைக் என்றால் தாங்கிக்கொள்ள வேறு ஆளே இல்லை. வண்டியே முன்னும் பின்னும் வெட்டும்.

## 12 வோல்ட் எப்படி 20,000 ஆகிறது

ஸ்பார்க் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான், அதற்கு வெளியே மரையுள்ள இரும்புக் கூடு. கூட்டின் விளிம்பிலிருந்து ஒரு கொக்கி வளைந்து வந்து நடுக்கம்பிக்கு எதிரே நிற்கும். நடுக்கம்பியின் நுனியும் கொக்கியும்தான் மின்முனைகள். இரண்டுக்கும் இடையே பெரும்பாலான வண்டிகளில் 0.7 முதல் 1.1 மி.மீ. வரை இடைவெளி இருக்கும். பொறி தாண்ட வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

(ஒர்க்‌ஷாப்பில் இந்த இடைவெளியையும் கேப் என்பார்கள், பிளக்கின் தலையில் மாட்டும் ரப்பர்த் தொப்பியையும் கேப் என்பார்கள். "கேப் சரியில்லை" என்று யாராவது சொன்னால் எந்தக் கேப் என்று கேட்டுவிடுங்கள். ஒன்றை அளந்து சரிசெய்யலாம், மற்றதைப் புதிதாக வாங்க வேண்டும்.)

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அதை வைத்துக்கொண்டு ஒரு தலைமுடி அளவு இடைவெளியைக்கூடக் காற்றில் தாண்ட முடியாது. அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றித் தருவதுதான் இக்னிஷன் காயில்.

காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. முதல் சுருளில் தடித்த கம்பி, சில நூறு சுற்று. இரண்டாவதில் மெல்லிய கம்பி, அதைப்போல நூறு மடங்கு சுற்று. முதல் சுருளில் பேட்டரி கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். சரியான நொடியில் அதைச் சட்டென்று அறுத்துவிடுவார்கள். வீட்டில் மோட்டார் ஓடும்போது வால்வைப் படாரென்று மூடினால் பைப் 'தட்'டென்று உதறுமே, அதே மாதிரிதான். வேகமாக ஓடிவந்தது திடீரென்று தடைபட்டால் அந்த வேகம் எங்காவது வெளிப்பட வேண்டும். முதல் சுருளிலேயே சில நூறு வோல்ட் எகிறும். நூறு மடங்கு சுற்றுள்ள இரண்டாவது சுருளில் அது 20,000, 30,000 வோல்ட்டாகும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்ற தத்துவம் இதுதான். ஆக, பொறி பிறப்பது கரண்டை அறுக்கும்போது.

அம்பாசடர், பத்மினி காலத்தில் இந்த அறுக்கும் வேலையை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த பாயிண்ட் செய்தது. அதை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யும் மெக்கானிக்குகளைப் பழைய ஆட்கள் நினைவு வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டிக் காருக்குக் கொண்டுவந்த ஏற்பாடு அது. இன்று பாயிண்டுக்குப் பதிலாக ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் சின்னக் கம்ப்யூட்டர், கரண்டை அறுக்கிறது. இன்றைய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கும். பைக்கில் ஒரு காயில், அங்கிருந்து ஒரு தடித்த ஒயர், நுனியில் தொப்பி.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: காயில் வோல்ட்டைத் தருகிறது, பிளக் அதைக் கேட்கிறது. கேட்டதைக் கொடுக்க முடியாத நொடியில் மிஸ்ஸிங்.

## வெளியே அடிப்பது உள்ளே ஏன் அடிக்கவில்லை

கூட்டமில்லாத டவுன் பஸ்ஸில் பின் படிக்கட்டில் ஏறி முன் படிக்கட்டு வரை சும்மா நடந்து போகலாம். காலை எட்டரை மணிக்கு அதே பஸ்ஸில், அதே தூரத்தைக் கடக்கத் தோளால் இடித்துக்கொண்டு போக வேண்டும். தூரம் மாறவில்லை. நெரிசல் மாறிவிட்டது.

பொறிக்கும் அதே நிலைமைதான். வெளிக்காற்றில் ஒரு மி.மீ. இடைவெளியைத் தாண்டச் சுமார் 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்தப்பட்டிருக்கிறது. அங்கே அதே இடைவெளியைத் தாண்ட 10,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் இன்னும் கூடும். 5,000 வோல்ட் மட்டுமே தரும் நோயாளிக் காயிலும் ஒர்க்‌ஷாப் மேசையில் நீலப் பொறி காட்டும். என்னுடைய பெட்ரோல் பம்ப் மாறியது அதை நம்பித்தான்.

மேட்டில் மட்டும் ஏன் வெட்டுகிறது என்பதும் இப்போது புரியும். சமவெளியில் காலை லேசாக வைத்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் கொஞ்சம் காற்றுதான் போகிறது. நெரிசல் குறைவு. மலை ஏறும்போதும், லாரியைத் தாண்ட மிதிக்கும்போதும், மேம்பாலத்தில் கியரைக் குறைக்காமல் ஏறும்போதும் சிலிண்டர் நிறையக் காற்றை இழுக்கிறது. பிளக் கேட்கும் வோல்ட் ஏறுகிறது. மேட்டுப்பாளையம் வரை சமாளித்த காயில், கல்லாறு தாண்டியதும் கைவிட்டது இதனால்தான்.

குடும்ப வரவு செலவு மாதிரி யோசியுங்கள். காயில் தரக்கூடிய வோல்ட் வரவு. பிளக் கேட்கும் வோல்ட் செலவு. வண்டி புதிதாக இருக்கும்போது வரவு தாராளம், செலவு குறைவு. நாள் ஆக ஆகச் செலவு கூடும். ஏனென்றால் ஒவ்வொரு பொறியும் மின்முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தை அரிக்கிறது. புதுப் பிளக்கின் நடுக்கம்பி நுனி கூரான விளிம்போடு இருக்கும். கூர் முனையிலிருந்து பொறி எளிதாகத் தாவும். தேய்ந்த பிளக்கில் அந்த விளிம்பு மழுங்கி உருண்டையாகிவிடும், இடைவெளியும் அகலும். இரண்டும் சேர்ந்து வோல்ட்டைக் கூடக் கேட்கும். அதே நேரத்தில் சூட்டில் கிடக்கும் காயிலின் பிளாஸ்டிக்கும் ரப்பரும் காய்ந்து வெடிக்கும். வரவு குறையும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தேய்ந்த பிளக் காயிலையும் சேர்த்துக் கொல்லும். இடைவெளியைத் தாண்ட முடியாதபோது வோல்ட் காயிலின் உச்சம் வரை ஏறி, வேறு சுலபமான வழி தேடும். ரப்பர் உறையைத் துளைத்துக்கொண்டோ காயிலின் வெடிப்பு வழியாகவோ பக்கத்து இரும்புக்குத் தாவும். ஒருமுறை தாவினால் அந்தப் பாதையில் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த முறை அதே பாதை இன்னும் சுலபம். காயிலை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பிளக்கை அப்படியே விட்டால் புதுக் காயிலுக்கும் அதே கதி வரலாம். ஆயிரக்கணக்கில் கொடுத்துக் காயில் வாங்குகிறவர்கள், அதைவிட எத்தனையோ மடங்கு விலை குறைந்த பிளக்கை மிச்சம் பிடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

சிஎன்ஜி போட்ட கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சிஎன்ஜி கலவையில் பொறி தாண்டுவதற்குப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்ட் வேண்டும். அதனால் பிளக் தேயத் தொடங்கினால் முதலில் கேஸில் ஓடும்போதுதான் வெட்டும், பெட்ரோலுக்கு மாற்றினால் சரியாகிவிடும். உடனே கேஸ் கிட்டைக் குறை சொல்வார்கள். அதற்கு முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பொறியைச் சோதிக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கென்று ஸ்பார்க் டெஸ்டர் விற்கிறது. வெளிக்காற்றில் பல மி.மீ. தூரத்தைப் பொறி தாண்டவைக்கும் கருவி அது. அகலமான இடைவெளி, உள்ளே இருக்கும் நெரிசலுக்கு ஈடாகிறது. பிளக்கைக் கையில் பிடித்துச் சோதிப்பதை விட்டுவிடுங்கள். ஷாக் அடிக்கும் என்பது ஒரு பக்கம். திறந்த பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் இடத்தில் பொறி காட்டுவது தீ வைப்பதற்குச் சமம்.

## வண்டி என்ன சொல்கிறது

ஈசியூ மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கும் விதம் அழகானது. ஈசியூவால் பொறியைப் பார்க்க முடியாது. ஆனால் கிராங்க் ஷாஃப்ட் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை ஒரு சென்சார் வழியாக நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அந்தக் கால் நொடிக்கும் குறைவான நேரத்தில் சுற்று கொஞ்சம் தளரும். சப்பரத்தின் குடை ஆடுவதை வைத்து எந்த மூலையில் இருப்பவர் இடறினார் என்று சொல்வது போல, எந்தச் சிலிண்டர் தவறியது என்று அது கணக்குப் போட்டுவிடும்.

அதை ஒரு எண்ணாகப் பதிந்து வைக்கும். இந்தப் பதிவு முறைக்கு ஓபிடி என்று பெயர். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் எண் தெரியும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் பலவற்றில் மாறி மாறித் தவறுகிறது. பி0351இல் தொடங்கும் எண்கள் அந்தந்தச் சிலிண்டரின் காயில் மின்சுற்றைக் குறிக்கும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். பி0302 என்ற எண் இரண்டாவது சிலிண்டரில் எரியவில்லை என்று மட்டும் சொல்கிறது. ஏன் எரியவில்லை என்று சொல்லவில்லை. பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், வால்வு ஒழுகலாம். ஸ்கேனர் விலாசத்தைத் தரும். கதவைத் தட்டிப் பார்க்க வேண்டியது நாம்தான்.

கூடவே ஆக்சிஜன் சென்சார் சம்பந்தப்பட்ட எண்ணும் வரலாம். எரியாத சிலிண்டரிலிருந்து செலவாகாத ஆக்சிஜன் அப்படியே வெளியே போகிறது. சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்று தகவல் தருகிறது. சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் சென்சாரை மாற்றுவது வீண் செலவு.

டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். அணைந்து அணைந்து மின்னினால் உடனே காலை எடுத்து வேகத்தைக் குறையுங்கள், முடிந்தால் ஓரம் கட்டுங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியாத பெட்ரோல் போய் அங்கே எரிகிறது என்று அதற்கு அர்த்தம். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிவிடும். பிளக் செலவில் முடிந்திருக்க வேண்டியது பல்லாயிரம் ரூபாயில் போய் நிற்கும்.

## வாங்குவதற்கு முன் இடம் மாற்றிப் பாருங்கள்

வீட்டில் கட்டில் ஆடுகிறது. கால் குட்டையா, தரை கோணலா? மரமும் சிமெண்டும் வாங்க யாரும் உடனே கடைக்கு ஓடுவதில்லை. கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். ஆட்டம் காலோடு நகர்ந்தால் கால். அதே இடத்தில் நின்றால் தரை.

தனித்தனிக் காயில் உள்ள காரில் இதையே செய்யலாம். என் காரில் ஸ்கேனர் காட்டியது பி0302. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றி மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு போல்ட்டு, ஒரு கனெக்டர். பத்து நிமிட வேலை. பதிவான எண்ணை அழித்துவிட்டு மறுபடி கல்லாறு மேட்டுக்கே போனேன். குறை எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில்தான் சோதிக்க வேண்டும். வீட்டு வாசலில் ரேஸ் கொடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்றாவது வளைவுக்குள் உதறல் வந்துவிட்டது. இப்போது எண் பி0303. குறை காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. ஆக, காயில்.

எண் நகராமல் பி0302 என்றே நின்றிருந்தால் காயில் நிரபராதி. அடுத்து அந்தப் பிளக்கை இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அதிலும் நகராவிட்டால் மின்சாரப் பக்கம் பெரும்பாலும் முடிந்தது. இன்ஜெக்டர், அதன் ஒயர், கம்ப்ரஷன் என்று அடுத்த பக்கம் போகலாம். அது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. ஆனால் "காயிலையும் பிளக்கையும் மாற்றிப் பார்த்துவிட்டேன், குறை நகரவில்லை" என்று நீங்கள் சொன்னால் அவருடைய அரை நாள் மிச்சம்.

ஸ்கேனர் இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. ஐட்லிங்கிலேயே உதறும் வண்டிக்குத்தான் இது உதவும். இன்ஜினை நிறுத்தி ஒரு காயிலின் கனெக்டரைக் கழற்றுங்கள், ஸ்டார்ட் செய்து சில நொடிகள் கேளுங்கள், நிறுத்தி மாட்டுங்கள். இப்படி ஒவ்வொன்றாக. கழற்றியதும் உதறல் கூடினால் அந்தச் சிலிண்டர் நன்றாக உழைத்துக்கொண்டிருந்தது. ஒன்றைக் கழற்றியும் எந்த மாற்றமும் தெரியவில்லையா? அதுதான் ஏற்கெனவே உழைக்காமல் இருந்த சிலிண்டர். ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரை மட்டும் உருவ வேண்டாம். கைக்கும் ஆபத்து, போக வழியில்லாத வோல்ட் காயிலையும் பதம் பார்த்துவிடும்.

## பிளக்கின் முகத்தைப் படிப்பது

கழற்றிய பிளக்குகளை எந்தச் சிலிண்டரிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே ஒரு துணி மேல் வையுங்கள். கலந்துவிட்டால் தகவல் போய்விடும்.

நுனியில் பீங்கான் மூக்கு பிஸ்கட் நிறத்திலோ இளம்பழுப்பிலோ இருந்தால் உள்ளே எல்லாம் நலம். விளக்குக் கரி போலக் காய்ந்த கறுப்பு படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. அடைத்த ஏர் ஃபில்டரும் காரணமாக இருக்கலாம், எப்போதும் தெருமுனை வரை மட்டும் ஓடும் வண்டியிலும் இது வரும். பிளக்கின் நுனி 450, 500 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால்தான் படிந்த கரி தானாக எரிந்து போகும். குட்டிப் பயணத்தில் அந்தச் சூடு வருவதில்லை. கரி கூடினால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியாகவே கசிந்துவிடும்.

பிசுபிசுப்பான கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. ரிங், வால்வு பக்கம் பார்க்க வேண்டும், புதுப் பிளக் போட்டாலும் சில நாளில் அதே கதைதான். பெட்ரோலில் நனைந்து வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. சுண்ணாம்பு போல வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு.

வெளியே தெரியும் பீங்கானையும் பாருங்கள். மேலிருந்து கீழாக பென்சிலால் கோடு போட்டது போல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் வோல்ட் அந்த வழியாக வெளியே தாவியிருக்கிறது. பிளக்கோடு ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும். உறையின் உட்பக்கத்தில் அதே கோட்டின் ஜோடி இருக்கும். ஆனால் இரும்புக் கூட்டை ஒட்டிப் பீங்கானைச் சுற்றி வளையமாக ஒரு பழுப்புக் கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம். உயர் வோல்ட் சுற்றியுள்ள எண்ணெய்த் தூசியை ஈர்த்து ஒட்டவைத்த கறை அது. கேஸ் லீக் என்று சொல்லி நல்ல பிளக்கைத் தூக்கிப்போடுவதை நிறையப் பார்க்கிறேன்.

கடைசியாக ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள். என் காருக்குக் கையேடு சொன்ன இடைவெளி 0.8 மி.மீ. கழற்றிய பிளக்கில் 1.1 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தது. நடுக்கம்பியின் நுனி தேய்ந்த பென்சில் மாதிரி மழுங்கியிருந்தது. காயில் ஏன் செத்தது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. நான்கு பிளக்கையும் மாற்றி, காயில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டேன். குன்னூர் வரை ஒரே இழுப்பில் ஏறியது.

## தண்ணீரும் ஆயிலும்

மழை நாளிலோ வாட்டர் வாஷுக்கு மறுநாளோ மட்டும் மிஸ்ஸிங் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளக் உட்கார்ந்திருக்கும் குழியை. காயிலை உருவிப் பார்த்தால் தண்ணீர் தேங்கி நிற்கும். துணியாலோ காற்றாலோ காயவைத்தால் போதும். ஆனால் வெடிப்பில்லாத உறைக்குள் தண்ணீர் சுலபமாகப் போகாது என்பதால் ரப்பரைத் தடவிப் பாருங்கள். குழியில் ஆயில் நின்றால் மேல்மூடியின் கேஸ்கெட்டோ சீலோ போயிருக்கிறது. ஆயிலில் ஊறிய ரப்பர் தளர்ந்து உப்பிவிடும். அதைத் துடைத்து மாட்டினால் சில வாரத்தில் திரும்ப வரும், சீலை மாற்றுவதுதான் வழி.

தடித்த ஒயர் உள்ள பழைய வண்டி என்றால், இருட்டிய பிறகு பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீர்த் தூறல் தெளித்துப் பாருங்கள். எங்கே உறை வெடித்திருக்கிறதோ அங்கே நீலப் பொறி நெளிவது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் தள்ளி வைத்திருங்கள்.

## பைக்கில்

ஒற்றை சிலிண்டரில் இடம் மாற்றிப் பார்க்க வழியில்லை. அதனால் சீட்டுக்குக் கீழே நல்ல நிலையில் ஒரு உதிரிப் பிளக் வைத்திருப்பது நல்லது. அதைப் போட்டுச் சரியானால் விஷயம் முடிந்தது. சரியாகாவிட்டால் தொப்பியைப் பாருங்கள். பல பைக்குகளில் தொப்பி ஒயரின் நுனியில் திருகி நிற்கிறது. நாளடைவில் அந்த நுனியில் செம்பு பச்சை பூத்துத் தொடர்பு விட்டுவிடும். தொப்பியைத் திருகிக் கழற்றி, ஒயரில் அரை செ.மீ. வெட்டிப் புதுச் செம்பு தெரிய மறுபடி திருகினால் காசு செலவில்லாமல் சரியான வண்டிகள் பல.

## மாட்டும்போது

பிளக்கைக் கழற்றுவதும் மாட்டுவதும் இன்ஜின் ஆறிய பிறகுதான். இன்ஜினின் தலைப்பகுதி அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை பிய்ந்து வந்துவிடும். கழற்றும் முன் குழியில் இருக்கும் மண்ணைக் காற்றடித்து வெளியேற்றுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். பழைய பிளக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மறுபடி மாட்டுவது வேண்டாம். பிரஷ்ஷின் உலோகத் துகள் பீங்கானில் கோடாகப் படிந்து மின்சாரத்துக்கு வழி போட்டுவிடும். இரிடியம் பிளக்கின் ஊசி நுனியைத் தேய்க்கவே கூடாது.

புதுப் பிளக் வாங்கும்போது கையேட்டில் உள்ள எண்ணையே கேளுங்கள். சாதாரண நிக்கல் பிளக் காரில் 20,000, 30,000 கி.மீ.க்குள் மாற்ற வேண்டியிருக்கும். இரிடியம் பல வண்டிகளில் ஒரு லட்சம் வரை போகும். எதுவானாலும் இடைவெளியை அளந்துவிட்டு மாட்டுங்கள், பெட்டியிலிருந்து வரும்போது கீழே விழுந்து கொக்கி வளைந்திருக்கலாம்.

முதலில் கையாலேயே திருகுங்கள். மரை சரியாகப் பிடித்தால் விரலுக்கே வழுக்கிக்கொண்டு போகும். முரண்டு பிடித்தால் கழற்றித் திரும்ப ஆரம்பியுங்கள். அடிவரை உட்கார்ந்த பிறகு ஸ்பானரைப் போட்டு, வாஷருள்ள புது 14 மி.மீ. பிளக்குக்கு அரைச் சுற்று. அதே பிளக்கைக் கழற்றி மாட்டுகிறீர்கள் என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், அதனால் உட்கார்ந்ததும் ஒரு சின்ன இறுக்கு, பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று போதும். கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் தூரம்.